நூலாயி மாற்றிப் போட்ட முடிச்சு

அந்தக் காலத்தில் மனிதரின் இரத்தமும் வாய் திறந்து பேசும். ஒவ்வொருவர் எலும்புக்குள்ளும், இரத்தம் ஊறுகிற இடத்தில், நூலாயி என்று ஒருத்தி குடியிருந்தாள். இரத்த அணுக்களுக்குள் குரோமோசோம் என்கிற நூல்கள் சுருண்டு கிடக்கும். வெயிலும் புகையும் பட்டு அவை அறும். அறுந்ததை முடிந்து வைப்பதுதான் நூலாயியின் வேலை.

அதற்கு அவளிடம் ஒரு முறை இருந்தது. நூல்கள் சோடி சோடியானவை. அறுந்த நூலை அதன் சோடியின் பக்கத்தில் படுக்கவைத்து, ஒத்துப் பார்த்துத்தான் முடிச்சுப் போடுவாள். சந்தேகம் வந்தால் அந்த அணுவையே அழித்துவிடுவாள். அதில் தயவு தாட்சண்யம் கிடையாது.

ஒச்சம்மா என்பவளுக்கு வயது ஏற ஏற நூல்கள் அடிக்கடி அறுந்தன. அவளுடைய நூலாயியும் சளைக்காமல் அழித்துக்கொண்டே இருந்தாள். இரத்தம் குறைந்து ஒச்சம்மா படுத்த படுக்கையானாள். புருஷன் விருமன் ஆட்டுக்கிடையோடு மேற்கே போயிருந்தான். மழை விட்டால்தான் திரும்புவான்.

ஒருநாள், இரத்தம் ஊறவைக்க மிஞ்சியிருந்த கடைசித் தாய் அணுவில் இரண்டு நூல்கள் ஒன்றாக அறுந்தன. சோடிகளைப் பார்த்தால் அவையும் நைந்து கிடந்தன. எந்த முனை எதோடு சேரும்? இதை எடுத்தால் அது சரியென்று பட்டது, அதை எடுத்தால் இது. திருதிருவென்று விழித்த நூலாயி, கடைசியில் அழிக்கக் கை ஓங்கினாள்.

"அழிச்சிராத ஆத்தா," என்றாள் ஒச்சம்மா. "அவரு வந்து சேருற வரைக்குமாவது எனக்கு உசுரு வேணும்."

"எது எதோட துண்டுன்னே தெரியலடி. மாத்திக் கட்டிட்டா, அணு பெருகுறப்ப அந்தத் தப்பும் சேந்து பெருகும்."

"பெருகட்டும். நான் இருக்கணும்ல?"

நூலாயிக்கு ஒன்றும் ஓடவில்லை. அழித்தால் இவள் போய்விடுவாள். கட்டினால் என்ன ஆகுமோ தெரியாது. பாவம், இப்படி அவளிடம் யாரும் கேட்டதே இல்லை. கண்ணை மூடிக்கொண்டு, கைக்கு வந்த முனைகளைச் சேர்த்து முடிந்தாள்.

அணு பிழைத்தது. ஒச்சம்மாவும் எழுந்து உட்கார்ந்தாள். மழை விட்டு விருமன் வந்து சேர்ந்தான். ஆனால் தப்பு முடிச்சும் ஒன்று பலவாகப் பெருகி, மறுவருஷம் அவளை மறுபடி படுக்கையில் தள்ளியது.

"நான் செஞ்சது சரியாடி?" என்று நூலாயி கேட்டாள்.

"தெரியல ஆத்தா. அவரு கையால ஒரு வருசம் கஞ்சி குடிச்சேன்," என்று சொல்லிவிட்டு ஒச்சம்மா கண் மூடினாள்.

இந்தச் சேதி மற்ற நூலாயிகளுக்கும் எட்டியது. அவர்களும் சில நேரம் அழிக்க மனமில்லாமல் கைக்கு வந்ததைக் கட்டிவிடத் தொடங்கினார்கள். அன்று முதல்தான் வயது ஏற ஏற நம் இரத்த அணுக்களில் அறுந்த நூல்களும் இடம் மாறி ஒட்டிய நூல்களும் கூடிக்கொண்டே போகின்றன. அழிப்பதா, கட்டுவதா என்று நூலாயிகள் இன்னும் கையைப் பிசைகிறார்கள்.