வரையாட்டுக்கு ஓர் அரண்மனை

முன்னொரு காலத்தில், ராஜாவுக்கு ஓர் ஆசை வந்தால் மந்திரிகளுக்குத் தூக்கம் போய்விடுமே, அந்தக் காலத்தில், ஒரு மகாராஜா இருந்தார். மலைநாட்டுத் தலைவன் ஒருவன் அவருக்கு ஒரு வரையாட்டைக் காணிக்கையாக அனுப்பினான். மேகம் தவழும் பாறை முகடுகளில் வாழும் காட்டு ஆடு அது. பார்த்த மாத்திரத்தில் ராஜாவுக்கு அதன்மேல் கொள்ளைப் பிரியம்.

"இது நம் அரண்மனையில்தான் இருக்க வேண்டும். மலையில் இதற்கு இருந்தது எதுவும் இங்கே குறையக் கூடாது!" என்றார்.

தளவாய் பெத்தபெருமாள் முந்திக்கொண்டு எழுந்தார். ராஜா எப்போதும் விகடகவி செவ்வந்தியப்பனோடு சிரித்துக்கொண்டிருப்பதில் அவருக்கு நெடுநாள் வயிற்றெரிச்சல்.

"பிரபு, இந்தப் பொறுப்பைச் செவ்வந்தியப்பனிடம் விடலாம். குறை வந்தால் நாடு கடத்திவிடலாம்."

ராஜா தலையசைத்தார், முரசும் அறைந்துவிட்டார்கள். முரசறைந்த ஆணையை அந்த நாட்டில் ராஜாவே நினைத்தாலும் மாற்ற முடியாது.

அரண்மனையில் கட்டுக் கட்டாகப் போட்ட கரும்பை ஆடு முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. பாறையில் தேய வேண்டிய குளம்பு, பளிங்குத் தரையில் தேயாமல் நீண்டு வளைந்தது. மலைக்குளிருக்கென்று அமைந்த மயிர், சமவெளி வெயிலில் அதற்கே பகையாகிவிட்டது. அது மூச்சிரைக்கப் படுத்துக் கிடந்ததைப் பார்த்துச் செவ்வந்தியப்பனுக்கு மனசு கேட்கவில்லை. நாடு கடத்தினால் கடத்திவிட்டுப் போகட்டும், இந்த ஜீவன் கண்ணெதிரே சாகக் கூடாது! இதை மலையேற்றாமல் விடுவதில்லை என்று உறுதி கொண்டான். ஆணையை மாற்ற முடியாதா? சரி, எழுத்துப் பிசகாமல் நிறைவேற்றிவிடுவோம்.

மறுநாள் வண்டி வண்டியாகப் பாறைகள் வந்து கொலுமண்டபத்தில் குவிந்தன. சிம்மாசனத்தையே ஓரமாகத் தள்ள வேண்டியதாயிற்று.

"என்னப்பா இது?" என்றார் ராஜா.

"மலை, பிரபு. குறையக் கூடாதல்லவா?"

அடுத்து மூடுபனி வேண்டுமே! சேவகர்கள் மாடத்திலிருந்து சல்லடை வழியே நீர் தூவினார்கள். மந்திரிகள் வரிசையாகத் தும்மினார்கள். ஆடு மெல்ல எழுந்து பாறையின் உச்சிக்கு ஏறி, கீழேயே பார்த்தபடி நின்றது.

"இன்னும் மெலிந்துதான் இருக்கிறது. ஏதோ குறை இருக்கிறது, பிரபு!" என்றார் தளவாய், தலைப்பாகையைப் பிழிந்துகொண்டே.

"தளவாய் சொல்வது உண்மைதான். ஒன்று குறைகிறது. நாளை வந்துவிடும்" என்றான் செவ்வந்தியப்பன்.

மறுநாள் வந்தது ஒரு கூண்டு. உள்ளே உறுமிக்கொண்டிருந்தது ஒரு சிறுத்தை.

"ஆடு ஏன் கீழேயே பார்க்கிறது? மலையில் அதன் எதிரி பெரும்பாலும் கீழிருந்துதான் வரும், பிரபு. அதன் கண்ணும் காலும் அதற்கென்றே அமைந்தவை. எதிரி இல்லாத மலை ஒரு மலையா? குறையைக் கண்டுபிடித்தவர் தளவாய். அவர் கையாலேயே கதவைத் திறக்கட்டும்" என்றான் செவ்வந்தியப்பன்.

தளவாய் பாறைமேல் பாய்ந்தார். ஜரிகைப் பாதரட்சை வழுக்கி, கூண்டுக்குப் பக்கத்திலேயே வந்து விழுந்தார். மறுபடி ஏறினார், மறுபடி விழுந்தார். மேலே ஆடோ, கையகல விளிம்பில் நான்கு காலையும் ஊன்றி அசையாமல் நின்றது.

"அதன் குளம்பு ஓரத்தில் கெட்டி, நடுவே மெத்து. அது பாறையைக் கவ்விக்கொள்ளும். தங்கள் பாதரட்சை கம்பளத்துக்குப் பிறந்தது, தளவாய்!"

ராஜா சிம்மாசனத்தில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு கத்தினார். "திறந்துவிடாதே, செவ்வந்தியப்பா! ஆடு மலைக்கே போகட்டும். ஆனால் அரண்மனையில் இருக்க வேண்டுமென்று முரசறைந்துவிட்டோமே!"

"போர்க்களத்தில் தங்கள் கொடி நட்ட இடம்தானே அரண்மனை, பிரபு? அந்த முகட்டிலும் ஒரு கொடி நட்டுவிடலாமே!"

ராஜா விழுந்து விழுந்து சிரித்தார். கழுத்து முத்துமாலையைக் கழற்றி அவனுக்கு அணிவித்தார்.

"கொடிக்கு யார் காவல்?"

"குறை கண்டுபிடிக்கும் கண் தளவாய்க்குத்தானே உண்டு, பிரபு?"

ராஜாவே நேரில் வந்து பார்க்க, மலை முகட்டில் கொடி ஏறியது. அவிழ்த்துவிட்ட ஆடு ஒரு கணம் நின்று காற்றை முகர்ந்தது. பிறகு செங்குத்துப் பாறையில் தாவித் தாவி மூடுபனிக்குள் மறைந்தது. செவ்வந்தியப்பன் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

கம்பளிக்குள் நடுங்கிக்கொண்டிருந்த தளவாய், சரிவில் ஏறி வரும் வண்டியைக் கண்டார். "அந்தக் கூண்டு எதற்கய்யா இங்கே வருகிறது?"

"அதுவும் இந்த மலையில் பிடித்ததுதானே, தளவாய்! திருப்பி விடாவிட்டால் ஆட்டுக்கு ஒரு குறை வந்துவிடுமே!"

ராஜா சிரித்த சிரிப்பு மலை முழுக்க எதிரொலித்தது. தளவாய் பாதரட்சையைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார்.