காய்த்த தோள்

“ரோடு வேணுமா, காடு வேணுமா? நீங்களே சொல்லிடுங்கம்மா. எனக்கு ஒண்ணும் ஓடலை.”

மலையூரின் பஞ்சாயத்துத் தலைவி செவ்வந்தி, சுனையோரம் வந்து உட்கார்ந்தாள்.

ஊரிலிருந்து இறங்கும் ஒற்றையடிப் பாதையில், பாதி வழியில் இருந்தது அந்தச் சுனை. அங்கே தனியாகத் தவமிருந்தவள் செவ்வந்தியைவிடச் சின்னவள். ஊர் அவளைச் சுனையம்மா என்று கும்பிடும்.

“யாரு என்ன கேக்கறாங்க அக்கா?”

“இந்தச் சோலையை வெட்டி, சுனையைத் தூர்த்து நேரா ரோடு போடணும்ங்கறார் கான்டிராக்டர். ஒரு மரம்கூடச் சாயக் கூடாதுங்கறார் டவுன்லேருந்து வந்த பசுமை சங்கத்துக்காரர். நாளைக்குக் கிராமசபை.”

“வீட்டுல?”

செவ்வந்தி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

“மருமக நிறைமாசம். வலி எடுத்தா கம்புல டோலி கட்டி, தோள்ல தூக்கித்தான் ஆஸ்பத்திரிக்கு இறக்கணும். போன தடவை வழியிலேயே புள்ளை போயிடுச்சு. ரோட்டுக்கு இன்னும் சம்மதம் சொல்லலைன்னு மகன் என்கூடப் பேசறதில்லை. அவன் டோலி தூக்கிட்டு வந்தா தோளுக்கு நான்தான் எண்ணெய் போடுவேன். இப்ப அதுக்கும் விடறதில்லைம்மா.”

சுனையம்மா சுனைத் தண்ணீரை மொண்டு கொடுத்தாள். செவ்வந்தி வாங்கிக் குடித்தாள்.

“காடு வேணும்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னா ஊரு கேக்கும்.”

“கிட்ட வாங்க அக்கா.”

சுனையம்மா மேல்துணியை விலக்கினாள். செவ்வந்தியின் கையை எடுத்துத் தன் தோளில் வைத்தாள்.

பச்சைப்பிள்ளையின் தோள் போல மெத்தென்றிருந்தது.

“இதை வச்சுக்கிட்டு நான் என்னத்தைச் சொல்ல?”

செவ்வந்தி எழுந்தாள். தூறலில் தனியாக ஏறிப் போனாள்.

மறுநாள் சபையில் கான்டிராக்டர் பேச எழுந்தார். பசுமை சங்கத்துக்காரரும் எழுந்தார்.

“இருங்கய்யா. ரெண்டு பேரும் சட்டையைக் கழட்டுங்க” என்றாள் செவ்வந்தி.

“என்னம்மா, குளிப்பாட்டி விடப் போறீங்களா?” என்றார் கான்டிராக்டர்.

ஊரே சிரித்தது. அவள் சிரிக்கவில்லை.

“டோலிக் கம்பு பட்டுக் காய்ச்ச தோளு முதல்ல பேசட்டும்.”

இருவரும் உட்கார்ந்தார்கள்.

கடைசி வரிசையில் மகன் எழுந்தான். சட்டையைக் கழற்றினான். கம்பு அழுத்திய இடம் கறுத்துக் காய்த்திருந்தது.

“அன்னைக்கு டோலியில எம் பொண்டாட்டி மயங்கினப்ப, வாயை நனைச்சது அந்தச் சுனைத் தண்ணிதான். ரோடு வேணும். சுனையைச் சுத்திப் போகட்டும்.”

“சுத்திப் போட்டா ரொம்ப நாளாகும்ப்பா!” என்றார் கான்டிராக்டர்.

மகன் அவரைப் பார்க்கவில்லை. தாயைப் பார்த்தான்.

“அதுவரைக்கும் தூக்கறோம்மா.”