சொல்லில்லாமல் கேட்ட கணக்கு

ஏழு படிக் குடமும் நான்கு படிக் குடமும் கொண்டு ஒரு படித் தண்ணீர் அளப்பதெப்படி? அரண்மனைப் பள்ளியில், அரசர் முன்னிலையில், அகோரப் பண்டிதர் இதைக் கடினமான தமிழ்ச் செய்யுளில் கேட்டார். வீட்டில் தெலுங்கும் கன்னடமும் பேசும் ஒன்பது பிள்ளைகள் புரியாமல் விழித்தார்கள்.

“மந்தபுத்திகள்! வெளியேற்றுங்கள், அரசே!” என்றார் பண்டிதர்.

“நான் கேட்டுப் பார்க்கட்டுமா, சாமி?” என்றாள் தண்ணீர் சுமக்கும் ஓபுளம்மா.

“நீயா? ஒரு சொல்கூடப் பேசாமல் கேள், பார்ப்போம்!” என்று ஏளனம் செய்தார் பண்டிதர்.

ஓபுளம்மா இரண்டு குடங்களையும் தொட்டியருகே வைத்தாள். அளக்கும் படியில் நீர் மொண்டு காட்டிக் கொட்டினாள், படியை ஒளித்துக்கொண்டு குடங்களைச் சுட்டிக்காட்டினாள்.

ஒன்பது பேரும் பாய்ந்தார்கள்! சிறு குடத்தை நிரப்பிப் பெரியதில் ஊற்றினார்கள். மறுபடி நிரப்பி, பெரியது நிறையும்வரை ஊற்றினார்கள். சிறியதில் மிச்சம் சரியாக ஒரு படி!

“பண்டிதரே, இப்போது நீங்கள்!” என்றார் அரசர்.

பண்டிதர் மூன்று முறை ஊற்றினார். மூன்று முறையும் தரைதான் நனைந்தது.

“ஒன்பது பேரும் பள்ளியில் இருக்கட்டும்,” என்றார் அரசர்.

“சாமியும் இருக்கட்டும், அரசே,” என்றாள் ஓபுளம்மா. “குடம் பிடித்துப் பழக்கமில்லை, அவ்வளவுதான்.”