கரட்டைச் சுற்றிய நாற்பது ஆடுகள்

ஒரு சின்னக் கரட்டின், அதாவது பாறைக் குன்றின், அடியில் நாற்பது செம்மறி ஆடுகள் இருந்தன. விடிந்தால் வரிசை கட்டும். கரட்டைச் சுற்றியிருந்த ஒற்றையடிப் பாதையில் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நடக்கும். பொழுது சாய்ந்தால் படுக்கும். மறுநாளும் அதே கதைதான். செம்மறிகளுக்கு வேறென்ன தெரியும், பாவம்!

அந்தக் கோடையில் பாதையோரம் ஒரு புல்கூட மிஞ்சவில்லை. ஆடுகளுக்கெல்லாம் விலா எலும்பு தெரிந்தது. பெரிய கடா பெருமூச்சு விட்டது.

"ஏழு வருஷமா இந்தக் கரட்டைச் சுத்துறேன். இங்க இனிமே ஒண்ணுமில்ல. நாளைக்கு விடிஞ்சதும் ஆத்துக்கு அந்தப் பக்கம் கிளம்புறோம். மூணு நாள் நடை!"

செங்காதி என்ற தாய் ஆடு கடாவின் முன்னால் வந்து நின்றது. அதன் குட்டிக்கு முள் குத்திக் கால் வீங்கியிருந்தது.

"மாமா, என் குட்டி அவ்வளவு தூரம் நடக்காதே!"

"நடக்கலேன்னா விட்டுட்டு வா. எனக்கு மட்டும் தெம்பு இருக்கா என்ன?"

செங்காதிக்கு அழக்கூடத் தெம்பில்லை. தன் சிநேகிதர்களான முயலையும் ஓணானையும் தேடிப் போனது.

"நம்ம ஊர்ல வேற எங்கயாச்சும் புல் இருக்கா?"

"யாருக்குத் தெரியும்? நான் இந்தப் புதரைத் தாண்டினதே இல்ல" என்றது முயல்.

"நான் வேப்பமரத்தைவிட்டு இறங்கினதில்ல. நீதான தினமும் ஊரைச் சுத்துற! கரட்டுக்கு மேற்கே என்ன இருக்கு?" என்று கேட்டது ஓணான்.

செங்காதி யோசித்தது. "முன்னால போற ஆட்டோட வால்."

"கிழக்கே?"

"அங்கயும் அதே வால்தான்."

"கிழிஞ்சுது போ!" என்றது ஓணான்.

மூன்றும் கடாவிடம் போயின. "மாமா, நீங்க எல்லாருக்கும் முன்னால போறவர். நீங்களாவது ஊரைப் பார்த்திருப்பீங்களே!"

கடா தயங்கியது. "கரடு சின்னது. நாம நாப்பது பேரு. கடைசி ஆடு எனக்கு முன்னாலதான போகுது! அது வாலைப் பார்த்துக்கிட்டே நானும் போயிடுறது."

"அட கடவுளே! அப்போ வழி காட்டுறது யாரு?" என்றது ஓணான்.

"களைப்பா இருக்கு, தொந்தரவு பண்ணாத" என்று கடா கண்ணை மூடிக்கொண்டது.

வேறு வழியில்லாமல் மூன்றும் நண்பகல் வெயிலில் ஊரைப் பார்க்கக் கிளம்பின. ஓணான் செங்காதியின் முதுகில் ஏறிக்கொண்டது. ஒரு பாழுங்கிணற்றைப் பார்த்தன. ஒரு பெரிய புற்றைப் பார்த்தன. புல்லை மட்டும் காணவில்லை. முயலுக்கு நாக்குத் தள்ளியது. செங்காதி பாதையிலேயே உட்கார்ந்துவிட்டது.

"கழுத்து வலிக்குது. என்னால முடியாது."

"இத்தனை வருஷமா தூக்காத கழுத்து, வலிக்காம என்ன செய்யும்! இன்னும் ஒரு தரம் தூக்கிப் பாரேன்!" என்று ஓணான் அதட்டியது.

செங்காதி வேண்டாவெறுப்பாகத் தலையைத் தூக்கியது. பாதைக்குச் சற்று மேலே, இரண்டு பாறைகளுக்கு நடுவே பச்சையாக ஏதோ அசைந்தது. ஏறிப் பார்த்தன. உள்ளே பாறையிலிருந்து நீர் கசிந்துகொண்டிருந்தது. முழங்கால் உயரத்துக்குப் புல்! கோடை முழுக்கப் போதும்.

மாலையில் மந்தை முழுவதும் அங்கே வந்து சேர்ந்தது. குட்டியும் நொண்டி நொண்டி வந்து ஆவலாக மேய்ந்தது. கடாவோ வாய் நிறையப் புல்லோடு, "ஆத்துப் பக்கம் போற வேலை மிச்சம்" என்றது.

செங்காதி மட்டும் புல்லில் வாய் வைக்கவில்லை.

"உன் குட்டிதான் பிழைச்சிடுச்சே, சாப்பிடேன்!" என்றது முயல்.

"போன கோடையில என் மூத்த குட்டி பசியிலயே செத்துப்போச்சு" என்றது செங்காதி. "இதே பாதையிலதான் விழுந்துச்சு. அப்பவும் இந்தப் புல் இங்கதான இருந்திருக்கும்?"

முயல் நகர்ந்து வந்து செங்காதியை ஒட்டி உட்கார்ந்தது. செங்காதி வெகுநேரம் கழித்துத் தலையைக் குனிந்து ஒரு வாய் கடித்தது.

தினமும் நடந்தாலும், தலையைத் தூக்கிப் பார்க்காதவர்களுக்குச் சொந்த ஊரும் தெரியாத ஊர்தான்.