வரப்பு நண்டுக்கு வீடான கதை

அந்தக் காலத்தில் நண்டும் பேசும், நன்றாகவே வாயாடும். வயலுக்கோ வரப்பு என்று ஒன்று கிடையாது. மேட்டிலிருந்து பள்ளம் வரை ஒரே பரப்பு. ஏரித் தண்ணீரைத் திறந்துவிட்டால் மேட்டில் நிற்குமா? நேரே பள்ளத்துக்கு ஓடிவிடும். மேட்டுப் பயிர் காயும், பள்ளத்துப் பயிர் அழுகும்.

அப்படி ஒரு வயலை வைத்திருந்த சொக்காயி, ஒரு வருஷம் வீட்டிலிருந்த விதைநெல் முழுவதையும் விதைத்துவிட்டாள். இதுவும் போனால் அடுத்த வருஷத்துக்கு ஒரு மணிகூட இல்லை. அந்தக் கவலையில் அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

ஒருநாள் காலையில் தண்ணீரைத் திறந்தாள். வெயில் ஏறியும் பள்ளத்துக்கு ஒரு சொட்டு வரவில்லை. போய்ப் பார்த்தால் நடுவயலில் குறுக்கே நீளமாக ஒரு மண்கரை.

"எவன்டா என் தண்ணியை மறிச்சது?" என்று மண்வெட்டியால் ஒரே வெட்டு வெட்டினாள்.

"அடிப்பாவி, என் குஞ்சுங்க!" என்று ஒரு நண்டு அலறியது. குஞ்சுகளைத் தண்ணீர் அடித்துப் போகாதிருக்க பல நாளாக மண் அணைத்து அது போட்ட கரைதான். உடைப்பில் பாய்ந்த தண்ணீர் அத்தனையையும் அள்ளிக்கொண்டு போயிற்று.

சொக்காயி மண்வெட்டியோடு பாய்ந்தாள். அவளும் பிள்ளை பெற்றவள்தானே. தண்ணீரை முந்திக்கொண்டு ஓடி, கீழே மண்ணை வெட்டி வெட்டிப் போட்டு மறித்தாள். தண்ணீர் நின்றது. குஞ்சுகள் பொடிப்பொடியாகக் கரையோரம் ஒதுங்கின.

"எல்லாம் இருக்கா, பாரு ஆத்தா."

நண்டு தேடிப் பார்த்தது. "இருக்குடி. எல்லாம் இருக்கு."

அப்பாடா என்று சொக்காயி சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டாள். அப்புறம்தான் கண்ணில் பட்டது. மேலே உடையாமல் மிஞ்சிய கரைக்குள் வாடிக் கிடந்த பயிர் தலைதூக்கியிருந்தது. கீழே அவள் போட்ட கரைக்குள்ளும் தண்ணீர் அளவாக நின்றது.

"வயலை முழுசா வெச்சுக்கிட்டு அல்லாடினேனே. துண்டு துண்டாப் பிரிச்சா அது அதுக்கு வேண்டிய தண்ணி நிக்குமே."

"பிரிச்சுக்கோ. போடுற கரையில எனக்கொரு வீடு குடு."

"கரையே நீ காட்டினதுதானே. தலைமுறை தலைமுறையா இரு ஆத்தா."

அந்த வருஷம் விதைநெல்லுக்கு எடுத்து வைத்ததுபோக, அவள் நெல் குதிரும் நிறைந்தது.

அன்று முதல்தான் வயல் கட்டம் கட்டமாகப் பிரிந்தது, நண்டும் வரப்பில் வளை போட்டது. வளை வழியே தண்ணீர் கசிந்தால் இன்றும் வாயில் வந்தபடி திட்டுகிறோம். ஒரு கை சேற்றை அப்பிவிட்டு வந்துவிடுகிறோம். வீடு கொடுத்தவள் சொக்காயி, காலி பண்ணச் சொல்ல நாம் யார்?