கிரேன் கைப்பிடி ஊமையான கதை

அந்தக் காலத்தில், இயந்திரங்களுக்கு வாய் இருந்தபோது, உப்பு ஏற்றும் துறைமுகம் ஒன்றில் ஒரு கிரேன் இருந்தது. ஓட்டியவர் பெயர் கஸ்பார். கிரேனின் கைப்பிடியை முன்னே தள்ளினால் சுமை இறங்கும், பின்னே இழுத்தால் ஏறும். கையை எடுத்தாலும் விட்ட இடத்திலேயே நிற்பது அதன் குணம். பேச்சுதான் நிற்காது. கப்பலில் இன்று என்ன குழம்பு, கஸ்பாரின் மாமியாருக்கு யார்மேல் கோபம், எல்லாம் அதற்குத் தெரியும். அப்படியொரு பேச்சுத்துணை இப்போது யாருக்கு வாய்க்கிறது?

கஸ்பாருக்கு ஒரு கெட்ட பழக்கம். சோற்று வாளியைக் கொண்டுபோய்க் கைப்பிடியில்தான் மாட்டுவார்.

"நான் என்ன சுவத்து ஆணியா அண்ணாச்சி?"

"ஒரு வாளி சோத்தத் தாங்க மாட்டியால?"

ஒரு மத்தியானம் மூட்டைக்கட்டு அந்தரத்தில் தொங்கியது. கீழே மூட்டை தூக்கும் இசக்கி குனிந்து தரையில் கிடந்த சங்கிலியை எடுத்துக்கொண்டிருந்தான். கஸ்பார் வாளியை மாட்டிவிட்டுத் தண்ணீர் குடிக்கத் திரும்பினார். வாளியின் கனத்தில் கைப்பிடி முன்னே சாய்ந்தது. கட்டு இறங்கத் தொடங்கியது.

"அண்ணாச்சி, இசக்கி கீழ நிக்கான்" என்று கத்தியது கைப்பிடி.

கஸ்பார் பதறிப்போய்க் கைப்பிடியை இழுத்தார். சாய்ந்த இடத்தில் மூட்டில் உப்பு இறுகிப் பிடித்துக்கொண்டது, வரவில்லை. நிறுத்தும் பொத்தானை அழுத்தினார். "உள்ள பூரா உப்பு அண்ணாச்சி, என்னால முடியல" என்று பொத்தான் அழுதது.

கைப்பிடி மூச்சைப் பிடித்து ஒரு எக்கு எக்கியது. வாளி தெறித்து விழுந்தது. கைப்பிடி நட்டநடுவில் நிமிர்ந்து நின்றது. கட்டு இசக்கியின் தலைக்கு ஒரு சாண் மேலே நின்றது.

சாயங்காலம் பட்டறைக்காரர் துரைப்பழம் வந்து பார்த்தார். "உனக்குள்ள ஒரு ஸ்பிரிங் வச்சா, கைய எடுத்ததும் நீயே நடுவுக்கு வந்திருவ. ஆனா அத வைக்கத் தொண்டையிலதான் இடம் இருக்கு. உப்பு நுழையாம ரப்பரும் போத்தணும். பெறவு உனக்குப் பேச்சு கிடையாது."

"இசக்கிக்கு எத்தன பிள்ளைய?" என்று கேட்டது கைப்பிடி.

"மூணு."

"அப்ப வையும் அண்ணாச்சி."

"எனக்கும் ரப்பர் போத்தும்" என்றது பொத்தான். கஸ்பார் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதார்.

அதற்குப் பிறகுதான் கிரேன் கைப்பிடிகள் கழுத்துவரை ரப்பர் போர்த்திக்கொண்டன. கை விலகியதும் தாமாக நடுவுக்கு வந்து நிற்கின்றன. பொத்தான்களும் உப்புக்கும் மழைக்கும் அசராமல், லட்சம் தடவை அழுத்தினாலும் சளைக்காமல் உழைக்கின்றன. அவற்றிடம் மிஞ்சியது "டக்" என்ற ஒரே சொல். இயந்திரங்கள் நம்மோடு பேசுவதை விட்டது அன்று முதல்தான்.