தட்டளவு உண்ணி

ஓடக்காட்டில் சண்டை சச்சரவே கிடையாது. எல்லோருக்கும் புத்தி ஒரே அளவு.

அந்த ஊர் நாச்சிமுத்துவின் செவலைப் பசு சில நாளாகத் தீனி எடுக்கவில்லை. உடம்பு அனலாகக் கொதித்தது. மூத்திரம் காப்பி நிறத்தில் போனது. அவனுக்கு இருந்தது அந்த ஒரு மாடுதான். அது போய்விட்டால் என்ன கதி என்று மாட்டாஸ்பத்திரிக்கு ஓடினான்.

அங்கே டாக்டரம்மா விவரம் கேட்டுவிட்டு, உண்ணிக் காய்ச்சல் போலத் தெரிகிறது, சாயங்காலம் வந்து ஊசி போடுகிறேன் என்றார். அதற்குள் எந்த உண்ணி என்று பார்த்து, ஒன்றைப் பிடித்து வைக்கச் சொல்லி ஒரு சுவரொட்டியும் கொடுத்தார். அதில் மாட்டு உண்ணி, நாய் உண்ணி என்று வகை வகையாக, ஒவ்வொன்றும் சோற்றுத் தட்டு அகலத்துக்கு அச்சாகியிருந்தது. கீழே அந்தந்த உண்ணி கொண்டுவரும் நோயின் பெயர்.

நாச்சிமுத்து தன் கூட்டாளிகள் பொங்கியண்ணனையும் ஆறுச்சாமியையும் கூட்டிக்கொண்டு மாட்டைச் சுற்றிச் சுற்றி வந்தான். காதுக்குள், வாலடியில், மடியில் எல்லாம் ஆமணக்கு விதை போல ஏதேதோ ஒட்டிக்கொண்டிருந்தன. தட்டளவில் ஒன்றையும் காணோம்.

நாச்சிமுத்து அந்தச் சின்னதுகளில் ஒன்றைப் பிய்க்கப் போனான். பொங்கியண்ணன் தடுத்துவிட்டார்.

"படத்துல இல்லாததுல கை வெக்காதப்பா. நாளைக்குக் கேசாயிரும்."

பெரிய உண்ணி ஆளைக் கண்டு ஒளிந்திருக்கிறது என்பது அவர் கட்சி. வைக்கோல் போரைப் பிரித்தார்கள். தொழுவத்துக் கூரையைப் பிரித்தார்கள். மாடு வெயிலில் நின்று மூச்சிரைத்தது. நாச்சிமுத்துவுக்கு அழுகையே வந்துவிட்டது. கடைசியில் ஆறுச்சாமி குளத்தங்கரையிலிருந்து ஓர் ஆமையைத் தூக்கி வந்தான். படத்தின் மேல் வைத்தார்கள். இம்மி பிசகவில்லை.

"படத்துல எட்டுக் கால் இருக்குது. இதுக்கு நாலுதானுங்களே?" என்றான் நாச்சிமுத்து.

பொங்கியண்ணன் குனிந்து வெகுநேரம் பார்த்தார். "மிச்சத்த உள்ள இழுத்துக்கிச்சு. கள்ளப் பய."

ஆமையைக் கூடை போட்டு மூடி, மேலே ஆட்டுக்கல்லை ஏற்றினார்கள்.

சாயங்காலம் டாக்டரம்மா வந்தார். கூடையைத் திறந்து பார்த்தார், திரும்ப மூடினார். முதலில் மாட்டுக்கு ஊசி போட்டு, இனிப் பிழைத்துக்கொள்ளும் என்றார். நாச்சிமுத்து அவரைக் கையெடுத்துக் கும்பிட்டான். பிறகு மாட்டின் காதிலிருந்து ஒன்றைப் பிடுங்கி அவன் உள்ளங்கையில் வைத்தார்.

"இதுதான்யா உண்ணி. படத்துல இருக்கறதும் இதேதான்."

நாச்சிமுத்து படத்தைப் பார்த்தான். கையைப் பார்த்தான். அவனுக்குக் கண் கலங்கிவிட்டது.

"எப்படி இருந்தது, இப்படி இளைச்சுப் போச்சுங்களே. மாட்டவிட இதுக்குத்தான் சீக்கு முத்தியிருக்குது. இதுக்கும் ஒரு ஊசி போட்டு விடுங்கம்மா."